பத்தியச் சாப்பாடு

சீனி வியாதிக்காரப் புருஷன் வாயில் கருப்பட்டி மாவைக் கரைத்து ஊற்றியவள் என்று முப்பிடாதியம்மாளைப் பற்றி இந்த ஊரில் இன்னும் பேசுகிறார்கள். தறிகளைத் தன் பேருக்கு ஆக்கிக்கொள்ளத்தான் அப்படிச் செய்தாள் என்கிறார்கள். அம்மனுக்கு நேர்ந்த மாவிளக்கில் கை வைத்தவள் விளங்கமாட்டாள் என்றும் சேர்த்துக்கொள்கிறார்கள். பேசுகிறவர்களில் ஒருவர்கூட அன்றைக்கு அந்த வீட்டுக்குள் இல்லை. நான் இருந்தேன். கோமதிநாயகம் என் சித்தப்பா மகன். முப்பிடாதி எங்கள் குடும்பத்துக்கு வாழ வந்த பெண். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கேட்ட பிறகும் பேச ஆசைப்படுகிறவன் என் முகத்துக்கு நேரே வந்து பேசட்டும்.

சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் விசைத்தறி இல்லாத வீடு கிடையாது. முன்பக்கம் குடியிருப்பு, பின்பக்கம் தறிக்கூடம். விடியும்போது ஆரம்பிக்கிற சத்தத்தில் பேசிப் பேசி எங்கள் ஆட்களுக்கெல்லாம் தொண்டை பெரிது. கோமதிநாயகம் மட்டும் விதிவிலக்கு. அவன் பேசுவது பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காது. நூல் மட்டமாக வந்தால்கூட நூல்காரரிடம், "பரவால்ல, ஓட்டிக்கிடலாம்" என்பான். யார் முகமும் வாடக்கூடாது அவனுக்கு. இதை நல்ல குணம் என்று ஊர் சொல்லும். நான் சொல்லமாட்டேன். ஒரு மனுஷன் எல்லோருக்கும் தலையாட்டினால் அந்தத் தலைக்கு அவன் சொந்தக்காரன் இல்லை.

எமர்ஜென்சி முடிந்து இரண்டு வருஷம் இருக்கும். கோமதிநாயகத்துக்குத் தறியிலிருந்து தெறித்த நாடாக்கட்டை காலில் விழுந்து பட்ட காயம் ஆறவேயில்லை. செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தான். அவன் ஒன்றுக்கு இருந்த இடத்தில் எறும்பு மொய்க்கிறது என்று முப்பிடாதி கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் டாக்டரிடம் போனார்கள். டாக்டர் சீனி வியாதி என்று சொல்லி மாத்திரை எழுதினார். சோற்றைக் குறைக்கச் சொன்னார், இனிப்பை நிறுத்தச் சொன்னார். "வெறும் வயித்துல மட்டும் இதைப் போட்டுறாதீங்க. மாத்திரை போட்டா சாப்பிடணும்" என்றார். முப்பிடாதி கூடவே நின்று கேட்டாள். காயம் ஆற ஆரம்பித்தது. அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

முதலில் வந்தவள் அவன் அக்காள் ஞானபூரணம். பனவடலிசத்திரத்தில் வாழ்க்கைப்பட்டவள். அங்கே ஒரு வைத்தியரிடம் தூள் வாங்கிக்கொண்டு, பஸ்ஸைவிட்டு இறங்கி வெயிலில் நடந்து வந்தாள். வந்ததும் அடுக்களைக்குள் போய்ச் சீனி டப்பா, கருப்பட்டிப் பானை, வெல்லம் எல்லாவற்றையும் எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள்.

"தம்பி, இங்கிலீஷ் மருந்து சூடு. ஈரலைத் தின்னுரும். இது சிறுகுறிஞ்சானும் நாவக்கொட்டையும் இடிச்ச தூளு. ரெண்டு நேரமும் வெந்நில போட்டுக் குடி. ஆனா பத்தியம் பெருசு. புளி ஆகாது, உப்பு ஆகாது, மிளகா ஆகாது. பச்சத் தண்ணி தொடப்படாது. குளிர்ச்சியா ஒண்ணும் வேண்டாம். பூண்டுக் கஞ்சி மட்டும் குடி."

"சரிக்கா."

"மாத்திரை திங்கியால?"

"இல்லக்கா. அதை அன்னைக்கே நிப்பாட்டிட்டேன்."

அவள் போன பிறகு முப்பிடாதி கேட்டாள். "வாய் கூசாம பொய் சொல்லுதீயளே, காலையில போட்ட மாத்திரை யாரு வயித்துல கிடக்கு?"

"வேகாத வெயில்ல நடந்து கொண்டாந்திருக்கா முப்பிடாதி. வேண்டாம்னா முகம் செத்துரும்லா."

"அதுக்கு?"

"ரெண்டையும் திங்கேன். எது கேட்டாலும் கேக்கட்டும்."

அன்றிலிருந்து மாத்திரை தறிக்கூடத்தில் ஒளிந்தது. தூள் அடுக்களையில் உட்கார்ந்தது.

அடுத்து வந்தவன் தம்பி சண்முகையா. திருநெல்வேலியில் ஆபீஸ் குமாஸ்தா. தபாலில் ஹோமியோபதி படித்துப் பெயருக்குப் பின்னால் நாலு எழுத்து போட்டுக்கொண்டவன். ஒரு தோல் பெட்டி நிறையக் குட்டிக் குட்டிச் சீசாக்களோடு வந்து இறங்கினான். அண்ணனுக்குச் சின்ன வயதில் தேள் கொட்டியதா, இடதுபக்கம் படுப்பானா, கனவில் தண்ணீர் வருமா என்றெல்லாம் கேட்டான். பிறகு சொட்டு மருந்து ஒன்றும் வெள்ளை உருண்டைகள் ஒரு சீசாவும் எடுத்து வைத்தான்.

"பூண்டு வாசமே ஆகாதுண்ணே. மருந்தோட சக்தி செத்துரும். வெங்காயம், காயம், காப்பி ஒண்ணும் கூடாது. மதினி, சாமி அலமாரியில இருக்க கற்பூரத்தை எடுத்துருங்க."

"கற்பூரத்தைத் திங்கவா போறாக?" என்றாள் முப்பிடாதி.

"வாசம் ஆகாது மதினி."

அவள் ஒரு உருண்டையை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். "ஏன் தம்பி, இது சீனி உருண்டைல்லா?"

"அது பால்சீனி. மருந்தைச் சுமந்துட்டுப் போற வண்டி. வண்டியை யாரு கணக்குல எடுப்பா?"

"வண்டி இனிக்குதே தம்பி."

சண்முகையாவுக்கு முகம் கறுத்துவிட்டது. கோமதிநாயகம் அவசர அவசரமாக, "அவ கிடக்கா. நீ கொடு, நான் திங்கேன்" என்றான். தம்பி கேட்டதற்கு, வேறு எந்த மருந்தும் சாப்பிடவில்லை என்று அம்மன் பேரில் சத்தியம் வேறு செய்தான்.

மூன்றாவதாக வந்தவர் முப்பிடாதியின் சொந்த அண்ணன் செல்லப்பா. இளையரசனேந்தலில் வாத்தியார். எங்கேயோ ஒரு இயற்கை வைத்திய முகாமுக்குப் போய்வந்ததிலிருந்து தேங்காயையும் பழத்தையும் தவிர வேறு தொடுவதில்லை. உலகத்தில் இருக்கிற அத்தனை அடுப்பையும் அணைத்துவிட்டுத்தான் ஓய்வேன் என்கிற மாதிரி பேசுவார்.

"சமைச்சதெல்லாம் செத்தது மாப்பிள்ளை. செத்ததைத் தின்னா உடம்பு எப்படி உசிரோட இருக்கும்? கஞ்சியாம் கஞ்சி! பச்சைக் காய், முளைவிட்ட பயறு, விடியக்காலம் பாவக்காச் சாறு. பானைத் தண்ணிதான் குடிக்கணும். வெந்நிய மனுஷன் குடிப்பானா?"

"சரி மச்சான்."

வயிற்றில் ஈர மண் அப்பினார். தொட்டித் தண்ணீரில் இடுப்பு நனைய உட்காரச் சொன்னார். வீட்டில் வேறு தொட்டி கிடையாது. தறிக்கூடத்துக்குப் பின்னால், பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சியைக் கலக்கும் சிமெண்டுத் தொட்டி ஒன்றுதான். அதைக் கழுவிவிட்டு அதில் போய் உட்கார்ந்தான் கோமதிநாயகம். அந்த வீட்டில் நூலுக்குக் கஞ்சி கிடைத்தது. நெய்கிறவனுக்குக் கிடைக்கவில்லை.

பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. ஞானபூரணம் வந்தால் பூண்டுக் கஞ்சி. பூண்டைத் தொட்டாயா என்று சண்முகையா கடிதம் போட்டு விசாரிப்பானோ என்று பயந்து பூண்டு இல்லாத கஞ்சி. சனிக்கிழமை செல்லப்பா வந்தால் கஞ்சியே இல்லை, பச்சை வெள்ளரிக்காய். வெள்ளரிக்காய் குளிர்ச்சி என்று ஞானபூரணம் சொன்னது நினைவுக்கு வந்து அதிலும் பாதியைத் தள்ளிவைத்துவிடுவான். யார் மனசும் நோகக்கூடாது. ஆகவே ஒவ்வொருத்தர் வேண்டாம் என்று சொன்னதையும் விட்டான். வேண்டும் என்று சொன்னதில் பாதியை அடுத்தவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். வேண்டாம் என்பதில் மட்டும் மூன்று பேருக்கும் குறைவில்லை. மருந்து மட்டும் ஒன்றுவிடாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

கைலி இடுப்பில் நிற்காமல் பெல்ட் போட்டுக்கொண்டான். நாடாவில் நூல் தார் மாற்றக் குனிந்தவன் தறியைப் பிடித்துக்கொண்டு நின்றான். முப்பிடாதி என் வீட்டுக்கு வந்தாள்.

"அத்தான், நீங்க ஒரு வார்த்தை சொல்லப்படாதா? வீட்டுல அடுப்பு எரியுது, என்னத்தைப் போட்டுக் கிண்டன்னு தெரியல. புளி ஊத்தினா மதினிக்கு ஆகாது. காயம் போட்டா கொழுந்தனுக்கு ஆகாது. அடுப்பைப் பத்தவச்சா எங்க அண்ணனுக்கே ஆகாது. சோறு கேக்க வாய் வரல அவுகளுக்கு. நான் யாருக்குப் பொங்க?"

நான் போய்ச் சொன்னேன். "ஏலே, ஒருத்தர் மருந்தைத் தின்னு. மத்தவங்களைப் போகச் சொல்லு."

"யாரைப் போகச் சொல்ல அண்ணாச்சி?" என்றான். அக்காள் வெயிலில் வந்தவள். தம்பி லீவு போட்டு வந்தவன். மச்சான் பெண் கொடுத்த வீட்டுக்காரர். "மருந்தைத் திருப்பிக் கொடுத்தா மூஞ்சில அடிச்ச மாதிரில்லா. கொஞ்ச நாளு. எல்லாம் சரியாப்போவும்."

அம்மன் தவம் இருக்கிற ஆடித்தபசு வந்தது. வருஷத்தில் அன்றைக்கு ஒருநாள் எங்கள் தெருவில் ஒரு தறியும் ஓடாது. பஸ்ஸுக்கு மேல் ஆள் உட்கார்ந்து ஊருக்குள் வருகிற நாள். ஆடிக் காற்று தெருமண்ணை அள்ளி வாசலில் போட்டுக்கொண்டிருந்தது. மூன்று பேரும் முதல் தடவையாக ஒரே சமயத்தில் அந்த வீட்டில் இருந்தார்கள். தம்பிக்குக் குணமாக வேண்டும் என்று ஞானபூரணம் அம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்திருந்தாள். பச்சரிசியும் கருப்பட்டியும் தன் வீட்டிலேயே இடித்துச் சேர்த்து, உருண்டையாகப் பிடித்து, குழி வைத்து, தாம்பாளத்தில் வாழையிலை போட்டு மூடிக் கொண்டுவந்திருந்தாள். சண்முகையாவின் சீசா உருண்டைகளை விட்டால், அந்த வீட்டுக்குள் அன்றைக்கு இருந்த ஒரே இனிப்பு அதுதான்.

ஆளுக்கொரு மருந்து கொடுக்கிறோம் என்று காலையிலேயே அவர்களுக்குள் வெளிப்பட்டுவிட்டது. நியாயமாக மூவரும் வெட்கப்பட்டிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக அவனைப் பங்கு பிரித்தார்கள்.

"சரி, மூணும் நல்லதுதான். மூணு பக்கமும் மடக்கினா வியாதி எங்கன ஓடும்?" என்றான் சண்முகையா. தபசு நாள் என்பதால் பட்டினி இருப்பது வைத்தியத்துக்கும் நல்லது, விரதத்துக்கும் நல்லது என்றார் செல்லப்பா. ஞானபூரணத்துக்கு அது பிடித்துப்போயிற்று. தண்ணீர் வெந்நீரா பச்சைத் தண்ணீரா என்பதில் மட்டும் சண்டை வந்தது. அதனால் தண்ணீரும் இல்லை. விடியலில் பாகற்காய்ச் சாறு, பிறகு தூள், பிறகு சொட்டு. தறிக்கூடத்துக்குப் போய் யாருக்கும் தெரியாமல் மாத்திரையும் போட்டுக்கொண்டு வந்தான்.

"ஒரு வாய் கஞ்சி குடிக்கட்டும். மாத்திரை போட்டா சாப்பிடணும்னு டாக்டர் சொன்னாக" என்றாள் முப்பிடாதி.

"என்ன மாத்திரை?" என்றார்கள் மூன்று பேரும்.

கோமதிநாயகம் அவளைப் பார்த்த பார்வையில் அவள் வாயை மூடிக்கொண்டாள்.

நான் போனபோது உச்சிப்பொழுது. கடையநல்லூர் சேக் மைதீனும் அப்போதுதான் வந்து வண்டியை வாசலில் நிறுத்தினார். எங்கள் தெருவுக்கே நூல் போடுகிறவர். கோமதிநாயகத்துக்குத் தோழர்.

"எங்க வீட்டுல தர்கா தண்ணி கொடுத்துவிடுதேன்னாக அண்ணாச்சி. நான்தான் வேண்டாம்னேன். உள்ள ஏற்கெனவே கூட்டம் ஜாஸ்தி" என்று என்னிடம் சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினார்.

உள்ளே கோமதிநாயகம் சுவரில் சாய்ந்திருந்தான். காற்று அப்படி அடிக்கிறது, அவன் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. விரல்கள் தானாக ஆடின. ஞானபூரணம் குனிந்து, "தம்பி, சாயங்காலத் தூளை இப்பவே குடிச்சிருதியா?" என்றாள்.

"உன் தூளை நீயே குடிட்டி!"

அந்த வீட்டில் அவன் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்து யாரும் கேட்டதில்லை. ஞானபூரணம் இரண்டடி பின்னால் போனாள். "போங்க எல்லாரும்! போங்கலே! இது எங்க அப்பன் வீடு!" என்று கத்தினான். எழுந்தவன் கால் மடங்கி விழுந்தான். கண் மேலே செருகியது. வாய் ஓரம் கோணியது.

"ஐயோ, வியாதி தலைக்கு ஏறிருச்சே!" என்று அலறினாள் அக்காள். சண்முகையா பெட்டியைத் திறந்து சீசாக்களை உருட்டினான். "திடீர் கோபம், வேர்வை... இதுக்கு ஒரு மருந்து இருக்கு, இருங்க" என்று புத்தகத்தைப் புரட்டினான். செல்லப்பா, "மண்ணுப் பத்து போடணும், கொஞ்சம் களிமண் கொண்டாங்க" என்றார். சாகக் கிடக்கிறவன் தலைமாட்டில் நின்று, அவனைச் சாகக் கிடத்திய மருந்தையே இன்னும் கொஞ்சம் கொடுக்க மூன்று பேரும் போட்டி போட்டார்கள்.

முப்பிடாதி ஒரு நிமிஷம் அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "பட்டினி," என்றாள். "மாத்திரையைப் போட்டுட்டுப் பட்டினி கிடக்காக."

அடுக்களைக்கு ஓடினாள். அங்கே ஒன்றும் இல்லை. பத்தியம் நடக்கிற வீட்டு அடுக்களையில் என்ன இருக்கும்? அவள் கண்ணில் பட்டது தாம்பாளம். இலையைத் தள்ளி மாவிளக்கை உடைத்தாள். ஒரு கை அள்ளிச் செம்புத் தண்ணீரில் போட்டு விரலால் பிசைந்தாள்.

ஞானபூரணம் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "ஏட்டி, அது அம்மனுக்குள்ளது! பாவி, சீனி வியாதிக்காரனுக்குக் கருப்பட்டியைக் கரைச்சு ஊத்தவா பாக்க? கொல்லவா பாக்க? தறியைப் பிடுங்கவா? ஐயோ, என் தம்பியைக் கொல்லுதாளே!"

தறி ஓடுகிற நாளாக இருந்தால் அந்தச் சத்தம் எங்கள் வாசலைத் தாண்டியிருக்காது. அன்றைக்குத் தெரு முழுக்கக் கேட்டது. தெரு கேட்டது அவ்வளவுதான். தெருவுக்குக் கண் கிடையாது.

முப்பிடாதி கையை உதறினாள். ஞானபூரணத்தின் வளையல் உடைந்தது. "அம்மன் பசிச்சா கேட்டுக்கிடுவா. இவுக கேக்கமாட்டாக," என்றாள். அவன் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்து, மாவுக் கரைசலை விரலில் தொட்டு உதட்டுக்குள் தடவினாள். பிறகு சொட்டுச் சொட்டாக விட்டாள். பாதி தாடையில் வழிந்தது. மறுபடி தொட்டாள். குறுக்கே வந்த செல்லப்பாவைச் சேக் மைதீன் தோளில் கை வைத்து நிறுத்தினார். "வாத்தியாரே, அங்கன நில்லும்."

எவ்வளவு நேரம் என்று தெரியாது. முதலில் தொண்டை அசைந்தது. பிறகு அவனே விழுங்கினான். கண் திறந்து மேலே பார்த்து, "முப்பிடாதி, இன்னும் கொஞ்சம்" என்றான். பழைய குரல். பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காத குரல்.

சேக் மைதீனும் நானும் அவனைத் தூக்கி வண்டியில் போட்டோம். தபசுக் கூட்டத்துக்குள் ஹாரன் அடித்துக்கொண்டே போனார் மனுஷர். டாக்டர் ஊசி வழியாகக் குளுகோஸ் ஏற்றிவிட்டு, என்னென்ன சாப்பிட்டான் என்று கேட்டார். முப்பிடாதி இந்த முறை யார் முகத்தையும் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் மேசையில் அடித்தார்.

"என் மாத்திரையும் சீனியை இறக்கும், அந்தத் தூளும் இறக்கும், பாவக்காயும் இறக்கும். அதுக்கு மேல பட்டினி. ரத்தத்துல இருந்த சீனி மொத்தத்தையும் வழிச்சு எடுத்திருக்கீங்க. ஒண்ணே ஒண்ணைச் செஞ்சிருந்தா மனுஷன் நடமாடியிருப்பான். எல்லாருமாச் சேர்ந்து கொல்லப் பாத்தீங்களாய்யா? அந்த அம்மா மாவைக் கொடுக்கலேன்னா இங்க கொண்டாந்திருக்கவே வேண்டாம்."

இதைக் கேட்க மூன்று பேரில் ஒருவரும் அங்கே இல்லை. ஞானபூரணம் உடைந்த மாவிளக்குக்குப் பரிகாரம் கேட்கக் கோயிலுக்குப் போயிருந்தாள்.

நாலைந்து நாளில் கோமதிநாயகம் வீட்டுக்கு வந்தான். மறுநாளே மூன்று பேரும் வந்தார்கள். நானும் போயிருந்தேன். வெட்கத்தோடு வந்திருப்பார்கள் என்று நினைத்தது என் தப்புக் கணக்கு.

"என் நேர்ச்சைக்கு அம்மன் உசிரைத் திருப்பிக் கொடுத்தா. இவ மாவை உடைச்சும் கொடுத்தா பாருங்க, அது அவ பெருமை," என்றாள் ஞானபூரணம்.

"எங்க முறையில முதல்ல வியாதி கூடும் அண்ணாச்சி. அப்புறந்தான் இறங்கும். மருந்து வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம்," என்றான் சண்முகையா.

"அன்னைக்கு வந்த வேர்வையைப் பாத்தீயளா? உடம்புல இருந்த விஷம் பூரா அப்படியே வெளிய வந்துட்டு," என்றார் செல்லப்பா.

ஒருத்தி மடியிலிருந்து புதுப் பொட்டலத்தை எடுத்தாள். ஒருவன் சீசாவை எடுத்தான். ஒருவர் பையில் வெட்டிவேரும் பாகற்காயும் இருந்தன. உள்ளே கட்டிலில் கோமதிநாயகம் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் கை மெல்ல நீள்வதை நான் பார்த்தேன். சத்தியமாக நீண்டது.

"முதல்ல சாப்பிடுங்க," என்றாள் முப்பிடாதி. "மருந்தை அங்கன வைங்க. வீட்டுக்கு வந்தவுக வெறும் வயித்தோட இருக்கப்படாது."

எங்கள் குடும்பத்தில் வந்தவர்களுக்கு இலை போடாமல் அனுப்பியது கிடையாது. பஞ்சகாலத்திலும் கம்பங்கூழாவது ஊற்றித்தான் அனுப்பினார்கள். நாலு இலை போட்டாள். "மதினி, நீங்களும் உக்காருங்க" என்று ஞானபூரணத்தையும் உட்காரவைத்தாள். என் இலைதான் முதல். தண்ணீர் தெளித்துத் துடைத்தோம். வெங்காயச் சாம்பார் மணம் வீடெல்லாம் நிறைந்திருந்தது.

சோற்றுப் பானையோடு வந்தாள். அண்ணன் இலைக்கு முன்னால் நின்றாள். "சமைச்சது செத்ததுன்னீயளேண்ணே. உங்களுக்குச் சோறு எப்படி வைக்க?" பானை உள்ளே போயிற்று. சாம்பாரைக் கொண்டுவந்தாள். "இதுல வெங்காயமும் காயமும் கிடக்கு, தம்பிக்கு ஆகாது. புளியும் உப்பும் கிடக்கு, மதினிக்கு ஆகாது." அதுவும் உள்ளே போயிற்று. பச்சை வெள்ளரிக்காய்த் தட்டைக் கொண்டுவந்து, "இது குளிர்ச்சியாம்லா மதினி" என்று அதையும் எடுத்துக்கொண்டு போனாள். பூண்டுக் கஞ்சியைக் கண்ணில் காட்டிவிட்டு எடுத்துப் போனாள். கடைசியில் வெறுங்கையோடு வந்து நின்றாள்.

"தண்ணி மட்டும் கொடுக்கலாம். வெந்நியா, பச்சத் தண்ணியான்னு நீங்க மூணு பேரும் பேசிச் சொல்லுங்க. அது வரைக்கும் இலை இப்படியே கிடக்கட்டும். உங்க பத்தியத்துக்கு என் வீட்டுல இவ்வளவுதான் சாப்பாடு. எம் புருஷன் மாசக் கணக்கா இதைத்தான் சாப்பிட்டாக."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவர்களுக்கு வசதியாக இருந்திருக்கும்.

உள்ளே போனவள் ஒரு தட்டில் அளவாகச் சோறு வைத்துச் சாம்பார் ஊற்றிக் கட்டிலில் கொடுத்தாள். கோமதிநாயகம் எங்களைப் பார்த்தான். வெறும் இலைகளைப் பார்த்தான். தட்டைப் பார்த்தான். நீண்டிருந்த கை தட்டுக்குள் இறங்கியது. பிசைகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது.

"வந்த சனத்தை வெறும் இலையில உக்காத்திவச்சுட்டாளே!" என்று எழுந்தாள் ஞானபூரணம். இலையை எட்டி உதைத்தாள். "அண்ணாச்சி, நீங்க இருந்துக்கிட்டா இது நடக்கு? நம்ம வீட்டு மானம் போவுது, பாத்துக்கிட்டு இருக்கீயளே!" சண்முகையா பெட்டியைத் தூக்கிக்கொண்டான். செல்லப்பா தங்கையின் முகத்தைப் பார்க்காமல் செருப்பைத் தேடினார். பஸ்ஸுக்கு நடந்த வழி முழுக்க, கண்ட அத்தனை வாசலிலும் நின்று நின்று, ஞானபூரணம் அந்தப் பேச்சை விதைத்துக்கொண்டே போனாள். வெறும் இலையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கருப்பட்டியைப் பற்றி மட்டும் சொன்னாள்.

நான் எழுந்திருக்கவில்லை. மானம் எங்கே இருந்தது, எங்கே போனது என்று எனக்குத் தெரியும். ஒன்றும் விழாத அந்த இலையை, வயிறு நிறையச் சாப்பிட்டவன் மடிப்பதுபோல என் பக்கமாக மடித்தேன். மடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

முப்பிடாதி பார்த்துக்கொண்டிருந்தாள். செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு வந்து, என் சுத்தமான கையில் ஊற்றினாள்.